யாவ் அசிபே வெட்டிய சந்து

என் அப்பாவை ஆஷ் டவுனில் யாருக்கும் பிடிக்காது. செத்த பிறகாவது பிடிக்கும் என்று நினைத்தேன். அதுவும் நடக்கவில்லை.

தகவல் கேட்டு டெமா துறைமுகத்துப் பொறியாளர் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் குமாசிக்கு வந்து ஆஷ் டவுனில் இறங்கினேன். அப்பா வெட்டிய சந்தின் வாய்க்கு எதிரே, சாலை ஓரத்தில் குடைக்குக் கீழே வாழைக்காய் சுட்டுக்கொண்டிருந்த பிராகோ அத்தை தலையை நிமிர்த்தாமலேயே பேசினாள்.

"வந்துட்டியாடி? ஊர்ல எல்லாரையும் காலி பண்ண வெச்சான் உங்கப்பன். இப்ப அவனே காலி பண்ணிட்டான்."

"அத்தை, அவர் இன்னும் பிணவறையிலதான் இருக்காரு."

"அங்கயும் சுவரை அளந்துக்கிட்டுத்தான் கிடப்பான். போ, போய் உங்கம்மாவைப் பாரு."

பிராகோ அப்பாவின் பெரியம்மா மகள். ஒரே குலம். எங்களில் மருமக்கள் வழி. ஒருவன் செத்தால் அவன் குலத்தின் சொத்து அவனுடைய அக்காள் தங்கை பிள்ளைகளுக்குப் போகும். பெற்ற பிள்ளைகள் அம்மாவின் குலம். அப்பாவின் குலத்துக்கு நாங்கள் விருந்தாளிகள். விருந்தாளி எப்போது கிளம்புவான் என்று வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அப்பா எஜுராவில் பிறந்தவர். வள்ளிக்கிழங்கு லாரியில் ஏறிக் குமாசிக்கு வந்து தொழிற்பள்ளியில் படித்து, ஒரு ஒப்பந்தக்காரரிடம் பிளான் வரையும் வேலையில் சேர்ந்தார். பெட்ரோல் பங்க், ஜெபக்கூடம், அலுவலகம் என்று எதெதையோ வரைந்தார். சொந்தமாகக் கட்டிய முதல் கட்டடம் கடைகள். கீழே ஒரு வரிசை, மாடியில் ஒரு வரிசை. கீழ்க்கடைகள் ஓடின. மாடிக்கு ஈ கூட ஏறவில்லை. தலையில் பாத்திரம் வைத்து நடக்கும் பெண்கள் படி ஏறிச் சாமான் வாங்க மாட்டார்கள் என்பது அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். படித்து வந்த அப்பாவுக்குத் தெரியவில்லை. கடைசியில் மாடியை ஒரு ஜெபச் சபையார் வாடகைக்கு எடுத்து, ஞாயிறு முழுக்க முரசு அடித்தார்கள். கீழ்க்கடைக்காரர்கள் அப்பாவைத் திட்டினார்கள். அவர் திருப்பித் திட்டினார்.

ஆனால் அதன் பிறகு அவர் பிளானை மேசையில் தொடங்கவில்லை. இடத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். யார் எங்கே பாத்திரத்தை இறக்குகிறார்கள், யார் எந்த நிழலில் நின்று பேரம் பேசுகிறார்கள் என்று பார்ப்பார். இறக்கிய இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போடுவார். தலைச்சுமையோடு நிற்பவர்களின் உயரத்தை நாடாவால் அளப்பார். பெண்களுக்கு இது பிடிக்குமா?

"ஏய் யாவ், என்னை எதுக்கு அளக்குற? நான் இன்னும் சாகல."

"நீ எப்ப செத்தா எனக்கென்ன? உன் பானை என் உத்தரத்துல இடிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அவர் பேச்சே அப்படித்தான். சிமெண்ட் கல் அறுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் பாதி ஆயுள் கழித்ததால் காது மந்தம். நல்ல வார்த்தையைக்கூடக் கத்தித்தான் சொல்வார். நல்ல வார்த்தை சொன்னதும் குறைவு.

ஆஷ் டவுனில் குலத்துக்கு ஒரு பழைய வீடு இருந்தது. நடுவில் முற்றம், சுற்றிலும் மண்சுவர் அறைகள், துருப்பிடித்த தகரக் கூரை. பாதி இடிந்துவிட்டது. அறைகளில் ஆடுகள் குட்டி போட்டன. வீட்டுக்கு முன்னால் லாரி நிலையத்துக்குப் போகும் சாலை. பின்னால் ஒரு தெரு. அந்தத் தெருவில் மூத்திர வாடையும் பூட்டிய கதவுகளும்தான். பின்தெருக்காரர்கள் லாரி நிலையத்துக்கு வர ஊரைச் சுற்றி வந்தார்கள். இந்த வீடுதான் அடைப்பு என்று அப்பாவுக்குத் தோன்றியது. முன்சுவரையும் பின்சுவரையும் உடைத்து முற்றத்தின் வழியே ஒரு சந்து விட்டால் இரண்டு பக்கமும் கடை போடலாம், செத்த தெரு எழுந்து உட்காரும் என்றார்.

குலத்தலைவர் இன்சியா, அப்பாவின் தாய்மாமன். கேட்டதும் சிரித்தாராம்.

"இடிஞ்ச வீடு. எடுத்துக்கடா, உனக்கே குடுத்தோம். ஆட்டையும் சேர்த்து எடுத்துக்க."

இரண்டு பெரியவர்கள் உடன் இருந்தார்கள். சொல்லிக் கொடுத்தாயிற்று. ஆனால் எங்கள் வழக்கத்தில் கொடுத்தால் மட்டும் போதாது. வாங்கியவன் சாட்சிகளின் முன்னால் நன்றிச் சாராயம் வைக்க வேண்டும். கொடுத்தவர் அதைத் திறந்து, முன்னோருக்குத் தரையில் ஊற்றி, மீதியைச் சபையில் எல்லாரோடும் பகிர்ந்து குடிக்க வேண்டும். அப்போதுதான் கொடை கொடையாகும். இல்லாவிட்டால் அது இரவல். செத்ததும் திரும்பிப் போய்விடும்.

இது அப்பாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வைக்க மாட்டேன் என்றார்.

"ஆட்டுப் புழுக்கையைக் குடுத்துட்டு நன்றி கேக்குறாரா மாமா? அந்தச் சுவர்தான் எனக்கு நன்றி சொல்லணும்."

வீடு கைக்கு வந்த வாரமே முன்சுவரை உடைத்தார். சந்தின் வாய் வர வேண்டிய இடத்தில் பிராகோ அத்தையின் பெட்டிக்கடை இருந்தது. மரப்பலகையும் தகரமும். அதில் வாழைக்காய், வேர்க்கடலை, சோப்பு, தீப்பெட்டி விற்றுத்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். அப்பா அவளுக்கு உள்ளே ஒன்பதாம் எண் கடை தருவதாகச் சொன்னார்.

"உள்ளயா? உள்ள உக்காந்தா எவன் வருவான்? கடன் கேக்கக்கூட வர மாட்டான்."

"வருவான். நான் வர வெப்பேன்."

"நீ முதல்ல உன் மாடிக்கு ஆளை வர வைடா."

அடுத்த நாள் அவள் சந்தைக்குப் போயிருந்தபோது பெட்டிக்கடையைப் பிரித்துப் பலகைகளைச் சாலை ஓரம் அடுக்கிவிட்டார். ஒரு ஆணி வீணாகவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை.

சந்து நன்றாக வந்தது. பொறியாளராகச் சொல்கிறேன். பத்தடி அகலம். தலைச்சுமையோடு இரண்டு பெண்கள் எதிரெதிரே வந்தால் யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. படி கிடையாது. சாக்கடையைப் பலகைக் கற்களால் மூடியிருந்தார். அவர் கடைகளுக்குக் கண்ணாடி போட்டதில்லை. கண்ணாடிக் கடை வெயிலைத்தான் விற்கும் என்பார். கூரையின் நீட்டம் கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் சேர்த்து நிழல் தந்தது. சந்துக்கு மேல் முன்பக்கத்தில் எங்களுக்கு இரண்டு அறை. முதல் கடையில் அம்மா ஃப்ரேமா துணி விற்றாள்.

பின்தெரு எழுந்தது. தையல்காரர்கள் வந்தார்கள், சடை பின்னுகிறவர்கள் வந்தார்கள், கைபேசி பழுது பார்ப்பவன் வந்தான். வீட்டுக்காரர்கள் சுவருக்குச் சாயம் அடித்தார்கள். அடித்த கையோடு வாடகையை ஏற்றினார்கள். பழைய குடித்தனக்காரர்கள் சட்டி பானையோடு ஊருக்கு வெளியே போனார்கள். போகும்போது அவர்கள் சபித்தது வீட்டுக்காரர்களை அல்ல, அப்பாவை. மூத்திரத் தெருவாக இருந்தவரை அவர்கள் அங்கே நிம்மதியாக இருந்தார்கள். அதையும் நான் மறுக்கவில்லை. ஒன்பதாம் எண் கடை கடைசிவரை ஓடவில்லை. மூலையில் மாட்டிக்கொண்ட கடை. யார் எடுத்தாலும் மழைக்காலம் தாண்டவில்லை. அப்பா அதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

கல் அறுக்கும் களத்தில், மணல் கூடிவிட்டது சிமெண்ட் குறைந்துவிட்டது என்று கத்திக்கொண்டிருந்தபோதே விழுந்தார். பிணவறையில் பார்த்தேன். கழுவித் துடைத்திருந்தார்கள். நகக்கண்ணில் மட்டும் சிமெண்ட் இருந்தது.

உடல் குலத்துக்குச் சொந்தம். எப்போது புதைப்பது என்று குலம்தான் சொல்லும். இன்சியா எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். அம்மா விதவைக் கறுப்பில் தரையில் உட்கார்ந்தாள்.

"சாவுக்கு வர்றவங்க பாக்க எங்க வீட்டுக்குச் சாயம் அடிக்கணும். அடிச்சு முடிச்சதும் தேதி வைப்போம்" என்றார். "சவப்பெட்டி வாங்குறது பிள்ளைங்க கடமை. நல்லதா வாங்கு. நீ இன்ஜினியர், ஊர் பாக்கும்."

"சரி நானா." குலத்தலைவரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"நாப்பதாம் நாள் காரியம் முடிஞ்சதும் ஃப்ரேமா மாடியைக் காலி பண்ணிடணும். முதல் கடை என் தங்கச்சி மகனுக்கு."

"நானா, அந்த வீட்டை எங்கப்பா கட்டினாரு."

"கட்டினான். எங்க நிலத்துல கட்டினான். குடுத்தோம்னு சொல்லுவ. நன்றி வெச்சானா? என் முகத்துக்கு நேரா மாட்டேன்னான். ஊருக்கே தெரியும்." முன்னால் குனிந்தார். "பெட்டி உங்களுது. வீடு எங்களுது."

சட்டம் இப்போது மனைவி மக்களுக்குப் பங்கு தருகிறது. செத்தவர் சொந்தமாகச் சேர்த்த சொத்தில் மட்டும். குலத்தின் சொத்து அதில் வராது. நன்றி வைக்காத வீடு குலத்தின் வீடு. அம்மாவைக் கைதூக்கி எழுப்பிக்கொண்டு கிளம்பினேன்.

மாடிக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்தினாள்.

"நன்றி வெச்சாச்சு" என்றாள்.

"யாரு வெச்சது?"

"நான்தான். உங்கப்பா மாட்டேன்னு வந்த அடுத்த வாரம். அவர் பேர்ல, ரெண்டு புட்டி ஸ்நாப்ஸ் சாராயம். உங்க நானா வாங்கினாரு, ஊத்தினாரு, குடிச்சாரு."

"அப்ப அங்கயே சொல்லியிருக்கலாமே!"

"புருஷனை இழந்தவ தன் வீட்டுக்குத் தானே சாட்சி சொன்னா எவன் நம்புவான்? அதோட, பொண்டாட்டி அவர் முதுகுக்குப் பின்னாடி நன்றி வெச்சான்னு அவர் பொணத்துக்கு முன்னாடி சொல்லச் சொல்றியா? அவருக்குச் சாகுற வரைக்கும் தெரியாது."

"கூட இருந்த பெரியவங்க?"

"ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க. புட்டியைக் கொண்டுபோனவ மட்டும்தான் இருக்கா. பிராகோ."

"அவளை ஏம்மா அனுப்பின?"

"குலத்துப் பொம்பளை கொண்டுபோனாத்தான் செல்லும். வீட்டுக்காரர்கிட்ட போய்ப் போட்டுக் குடுக்காதவளா இருக்கணும். அவரோட பேசவே பேசாதவ அவ ஒருத்திதானே."

மறுநாள் காலை குடைக்குக் கீழே போய் நின்றேன். அத்தை கரியை விசிறிக்கொண்டிருந்தாள்.

"வாங்குறதுன்னா வாங்கு. வெயிலை மறைக்காதே."

விஷயத்தைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. எப்போது வருவேன் என்று காத்திருந்தவள் போல இருந்தாள்.

"உங்கம்மா கேட்டா, போனேன். உங்கப்பன் கேட்டிருந்தா புட்டியை நடுத்தெருவுல உடைச்சிருப்பேன்."

"ஏழாம் நாள் துக்கத்துக்குக் குலம் கூடுற சபையில அதைச் சொல்லணும் அத்தை."

"சொல்றேன். என் பெட்டிக்கடை எனக்கு வேணும்."

"எங்க?"

"எங்கயா? பழைய இடத்துல. சந்து வாயில. இந்தத் தடவை கல்லுல கட்டு. எந்த நாயும் பிரிச்சு அடுக்க முடியாத மாதிரி."

"வழி அடைபடும். பத்தடியில நாலடி போயிடும். உள்ள இருக்கிற கடைங்க சாகும். பக்கத்துல, சாலையைப் பாத்து, நல்லா நிழலா ஒண்ணு போட்டுத் தரேன்."

"அப்பன் மாதிரியே பேசுற. இடம் எதுன்னு நீங்களே சொல்லுவீங்க, நல்லது எதுன்னும் நீங்களே சொல்லுவீங்க." ஒரு வாழைக்காயைப் புரட்டினாள். "உள்ள இருக்கிறவங்க செத்தா எனக்கென்ன? நான் இத்தனை வருஷமா வெயில்ல சாகல?"

"சபையில சொன்னதும் கட்டித் தரேன். எழுதிக் குடுக்கட்டுமா?"

"எழுதினதை நீங்க படிச்சவங்க மாத்திப் படிப்பீங்க. முதல் வரிசைக் கல்லை வெச்சுட்டுப் போ. அப்புறம் பேசுறேன்."

அப்பா செய்த வேலைகளில் குறை சொல்ல முடியாதது அந்தச் சந்தின் வாய் ஒன்றுதான். அம்மாவுக்கு இருப்பதோ அந்த மாடி ஒன்றுதான். நான் அதிகம் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கல் வாங்கப் போயிருக்க மாட்டேன்.

நானே கலவை போட்டு, நூல் பிடித்துக் கல் வைத்தேன். கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள்.

"என்ன நடக்குது இங்க?" என்றான் தையல்காரன்.

"பெட்டிக்கடை."

"வழியிலயா? உங்கப்பன் ஒரு நாற்காலி போட விட மாட்டானே! பொணம் இன்னும் மண்ணுக்குள்ள போகல, பொண்ணு வழியை அடைக்கிறா!"

சடை பின்னும் பெண் கையைத் தட்டினாள். "படிச்சிட்டு வந்திருக்கா, பாரு. சந்தைச் சாக்கடையாக்குற படிப்பு."

தலையில் தக்காளித் தட்டோடு வந்தவள் என் கலவைச் சட்டியில் வேண்டுமென்றே காலை வைத்துவிட்டுப் போனாள். அப்பாவை வெறுத்த அத்தனை பேரும் அன்று அப்பாவின் பக்கம். எனக்கு வேடிக்கையாகக்கூட இல்லை. மட்டக்கோலை வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அடுத்த கல்லை எடுத்தேன்.

ஏழாம் நாள் பந்தல் போட்டு, சிவப்பும் கறுப்புமாய்த் துக்கத் துணி உடுத்தி ஊர் உட்கார்ந்தது. ஒலிபெருக்கி. அப்பாவின் படம் போட்ட சுவரொட்டி. பிராகோ அத்தை மட்டும் மஞ்சள் துணியில் வந்தாள். பலர் முகம் சுளித்தார்கள். சடங்குகள் முடிந்து வீட்டுப் பேச்சு வந்ததும் இன்சியா சுருக்கமாக முடித்தார்.

"குலத்து வீடு குலத்துக்கு. யாருக்காவது வேற பேச்சு இருக்கா?"

"எனக்கு இருக்கு" என்று அத்தை எழுந்தாள். "யாவ் பேர்ல நன்றி வெச்சாச்சு. ரெண்டு புட்டி. நான்தான் தூக்கிட்டு வந்தேன். நீங்கதான் வாங்கினீங்க."

பந்தல் சலசலத்தது. இன்சியா சிரித்தார்.

"நீயா? நீ அவனுக்கு எதிரி ஆச்சே."

"எதிரிதான். அவன் சாவுக்கு ஒரு கைக்குட்டை கறுப்பாக்கல நான், கண்ணிருந்தா பாருங்க. அவனுக்காகப் பொய் சொல்லுவேனா?"

"ஃப்ரேமா என்ன குடுத்தா உனக்கு?"

"ஃப்ரேமாவை விடுங்க. புட்டி என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க."

"எந்தப் புட்டி? நான் பாக்கவே இல்ல."

அத்தை அவரை விட்டுவிட்டுச் சபையைப் பார்த்துத் திரும்பினாள்.

"பாக்கலையாம். ஏன்னா தனியாக் குடிச்சாரு. குலத்துக்கு வந்த சாராயம். முன்னோருக்கு ஒரு சொட்டு ஊத்தல, கூட இருந்த ரெண்டு பெரியவங்களுக்கு ஒரு மடக்கு குடுக்கல. என்னை அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, ரெண்டு புட்டியையும் ஒத்தையா முடிச்சிட்டாரு. அதான் வெளிய சொல்ல வெக்கம்."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். குலத்தின் சாராயத்தைத் தனியாகக் குடித்தவன் குலத்தலைவராக இருக்க முடியாது. முன்னோரின் சோற்றைத் திருடியவன் அவன். பெரியவர்கள் மெல்ல இன்சியாவின் பக்கம் திரும்பினார்கள். அவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"பொய்! வாய் அழுகிடும்டி உனக்கு! எல்லார் முன்னாடியும் திறந்தேன். முதல்ல தரையில ஊத்தினேன், பேர் சொல்லி ஊத்தினேன். கூட இருந்த அடோமாக்கோ குடிச்சான், அவன் தம்பி குடிச்சான், உனக்கே ஒரு மடக்கு குடுத்தேனேடி, நன்றி கெட்டவளே!"

"குடுத்தீங்க நானா" என்றாள் அத்தை. "மறக்கல. தொண்டை எரிஞ்சுது."

உட்கார்ந்துவிட்டாள். பின்வரிசையில் ஒரு கிழவர் முதலில் சிரித்தார். பிறகு பந்தலே சிரித்தது. சாவு வீடு என்று யாரும் அடக்கவில்லை. இன்சியா நின்றுகொண்டே இருந்தார். கொடை செல்லும் என்று பெரியவர்கள் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. என்னை மட்டும் பார்த்தார்.

"மாடியை வெச்சுக்க. நீ செத்தா எங்க குலத்துல எவனும் உன் வாசலுக்கு வர மாட்டான்."

"நீங்க வராட்டியும் பரவாயில்ல நானா" என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அம்மா கையைக் கிள்ளினாள்.

வெளியே வந்ததும் அத்தையிடம் கேட்டேன்.

"அப்ப அவர் தனியாக் குடிக்கலையா?"

"அந்தாளு பேராசைக்காரன்தான். ஆனா சாராயத்துல ஒழுங்கு. எல்லாருக்கும் அளந்துதான் ஊத்தினான்." துணியை இழுத்துச் செருகினாள். "உனக்காகப் பண்ணினேன்னு நினைக்காதே. கல்லு நாலு வரிசைதான் வந்திருக்கு."

அப்பாவைப் புதைத்தோம். நல்ல பெட்டி வாங்கினேன், ஊர் பார்த்தது. அதன் பிறகு பெட்டிக்கடையை முடித்தேன். தகரக் கூரை, இரும்பு மடிப்புக் கதவு, முன்னால் ஒரு கல் திண்டு. சந்தின் வாய் ஆறடியாகச் சுருங்கிவிட்டது. எதிரெதிரே வரும் பெண்கள் ஒருவருக்கொருவர் வழி கேட்டு நிற்கிறார்கள், நின்றபடி என்னைத் திட்டுகிறார்கள். கைபேசிக்காரன் கடையைக் காலி செய்துவிட்டான். தையல்காரன் வாடகையைக் குறைக்கச் சொல்லி அம்மாவோடு தினமும் மல்லுக்கு நிற்கிறான். அம்மாவும் மாடியிலிருந்து சளைக்காமல் பதில் சொல்கிறாள். அவள் குரல் இப்போதெல்லாம் சாலை வரைக்கும் கேட்கிறது.

டெமாவுக்குக் கிளம்பும் அன்று பையோடு இறங்கி வந்தேன். அத்தையின் கடையில் கூட்டம். வறுகடலை, சோப்பு, வாழைக்காய். கிழங்கு சுமந்து வந்த ஒருத்தி வழி விடச் சொல்லிக் கத்த, அத்தை அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் என்னைப் பார்த்தாள்.

"எங்க ஓடுற? கூரை ஒழுகினா யாரைக் கூப்பிடுறது?"

"ஒழுகாது."

"அப்படித்தான் எல்லா இன்ஜினியரும் சொல்லுவாங்க" என்றாள். "மழை வரட்டும், பாக்குறேன்."

கூட்டத்தை ஒதுக்கி, ஒருவர் மட்டுமே போகக்கூடிய அளவு வழி விட்டாள். கிழங்குக்காரிக்கு முன்னால் நான் போனேன். அவள் பின்னாலிருந்து என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.